ஒரு கன்றுக்கு மூன்று தாய்



பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் ஒரு கலப்பினப் பசு இருக்கிறது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் மூத்தவளின் கல்யாணக் கடனும் அந்த மாட்டின் பாலில்தான் அடைந்தன என்கிறார். இப்போது அதற்கு வயதாகிவிட்டது. போட்ட கன்றுகளில் ஒன்றுகூடத் தாயைப் போல வரவில்லை. "குளோனிங் செய்து அதே மாட்டை இன்னொன்று உண்டாக்கலாம் என்று டிவியில் காட்டினார்கள். நம்ம பக்கம் எப்போது வரும்? எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "அப்படிச் செய்வது பாவம் இல்லையே?"

விலையையும் கேட்டு, பாவமா என்றும் கேட்ட அந்தக் கடிதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. குளோனிங்கைப் பற்றி உலகம் ஏறக்குறைய முப்பது வருஷமாக வாதாடுவதும் இந்த இரண்டைச் சுற்றித்தானே? அதனால் இந்த மாதம் பக்கம் முழுவதும் அவருக்கான பதில்.

முதலில் குளோனிங் என்றதும் வருகிற பயத்தை விலக்கி வைத்துவிடுவோம். இரண்டு உயிர் கலக்காமல், ஒரே உயிரிலிருந்து அதே மரபணுவோடு இன்னொன்றை எடுப்பதுதான் குளோனிங். இதை நாம் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறோம். மறையூரில் கரும்பை விதை போட்டா முளைக்க வைக்கிறோம்? கரணை வெட்டித்தானே நடுகிறோம்? காந்தளூர், வட்டவடையில் மலைப்பூண்டைப் பல்லாகப் பிரித்து ஊன்றுகிறோம். பாலக்காட்டு நேந்திரனுக்குப் பக்கக்கன்று. மூணாறு மலையில் ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள தேயிலைத் துண்டை நர்சரிப் பையில் நட்டு வேர்விட வைக்கிறார்கள். குமுளி, வண்டன்மேடு பக்கம் ஏலத்தைத் தூர் பிரித்து வைக்கிறார்கள். இன்று காலை ஏலக்காய் தட்டிப் போட்டு, மறையூர் வெல்லம் கலந்து டீ குடித்திருந்தால், அந்த ஒரு டம்ளரிலேயே மூன்று குளோன்கள் இருந்திருக்கலாம். ரப்பர் வைத்திருப்பவர்களுக்குக் குளோன் என்ற சொல்கூடப் புதிதில்லை. கோட்டயத்திலிருக்கிற ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980ல் வெளியிட்ட ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற குளோன்தான் கேரளத் தோட்டங்களில் பெரும்பகுதியை நிரப்பியது.

செடிக்கு இது சுலபம். வெட்டின இடத்தில் துளிர்ப்பது செடியின் குணம். மாட்டின் காதிலிருந்து ஒரு துணுக்குத் தோலை எடுத்து மண்ணில் நட்டால் மாடு முளைக்குமா? முளைக்காது. அங்கேதான் விஞ்ஞானம் நுழைகிறது, கூடவே சிக்கலும்.

ஸ்காட்லாந்தில் ரோஸ்லின் என்ற ஊர் ஆராய்ச்சி நிலையத்தில் 1996 ஜூலை 5ஆம் தேதி டாலி என்ற ஆட்டுக்குட்டி பிறந்தது. இயான் வில்மட், கீத் கேம்ப்பெல் என்பவர்களின் குழு அதைச் செய்தது. ஆறு வயதுப் பெண் ஆட்டின் மடியிலிருந்து ஒரு செல். வேறொரு ஆட்டிடமிருந்து ஒரு கருமுட்டை. அந்த முட்டையின் உட்கருவை, அதாவது மரபணு இருக்கும் பகுதியை, எடுத்துவிட்டார்கள். காலியான முட்டையோடு மடி செல்லைச் சேர்த்து, லேசாக மின்சாரம் பாய்ச்சி இணைத்தார்கள். அது கருவானதும் மூன்றாவதாக ஓர் ஆட்டின் கர்ப்பப்பையில் வைத்தார்கள். ஆக, தகப்பன் இல்லாத அந்தக் குட்டிக்கு மூன்று தாய்.

டாலியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அதன் பின்னால் இருக்கிற கணக்கு பலருக்குத் தெரியாது. 277 முட்டைகளில் இப்படி இணைத்துப் பார்த்தார்கள். அதில் 29 மட்டும் கருவாக வளர்ந்தன. அவற்றை 13 ஆடுகளின் வயிற்றில் வைத்தார்கள். உயிரோடு பிறந்தது ஒன்று. அந்த ஒன்றின் போட்டோதான் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. மற்ற பன்னிரண்டு ஆடுகளைப் பற்றி யார் கேட்டோம்?

டாலி 2003 பிப்ரவரியில், ஆறரை வயதில், நுரையீரல் நோய் முற்றிக் கருணைக்கொலை செய்யப்பட்டது. நகல் சீக்கிரம் கிழடாகிவிடும் என்று அப்போது ஒரு பேச்சு பரவியது. அதே மடி செல்லிலிருந்து பின்னாளில் எடுத்த நான்கு ஆடுகளை வயதான பிறகு சோதித்ததில், அவை மற்ற ஆடுகளைப் போலத்தான் ஆரோக்கியமாக இருந்தன என்று 2016ல் தெரிந்தது. ஆகவே நகல் என்றாலே நோஞ்சான் என்று சொல்வதும் நியாயமில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். ஹரியானாவின் கர்னாலில் இருக்கும் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தில் 2009 பிப்ரவரியில் எருமைக் கன்று ஒன்று குளோனிங்கில் பிறந்து, சில நாட்களில் செத்துப்போனது. அதே வருஷம் ஜூனில் கரிமா பிறந்தது. அடுத்த ஆண்டு இரண்டாவது கரிமா. அதைச் சாதாரண முறையில் சினைப்படுத்தி, 2013 ஜனவரியில் மகிமா என்ற கன்றையும் ஈன வைத்தார்கள். குளோன் எருமையும் கன்று போடும் என்று காட்டிய பிறப்பு அது. விலை உயர்ந்த கருவிகளை நம்பாமல், நுண்ணிய கத்தியைக் கையில் பிடித்தே முட்டையின் உட்கருவை நீக்கும் முறையை நம் விஞ்ஞானிகள் அங்கே பழக்கிக்கொண்டார்கள். கசாப்புக்கடையில் கழிந்துபோகும் சினைப்பைகளிலிருந்து முட்டை எடுத்தார்கள். நம் நாட்டின் கைத்திறமைக்கு அது பெருமைதான், தயங்காமல் சொல்கிறேன்.

2023 மார்ச் 16ல் கங்கா வந்தது. நாட்டிலேயே முதல் குளோன் கிர் பசு. குஜராத்தின் கிர் பசுவிடமிருந்து உடல் செல், சாஹிவால் பசுவிடமிருந்து கருமுட்டை, சுமந்தது ஒரு கலப்பினப் பசு. பிறக்கும்போது 32 கிலோ. இங்கேயும் மூன்று தாய்.

அம்மா, உங்கள் முதல் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. இது இன்னும் ஆராய்ச்சிக்கூடத்து வேலை. நம் கால்நடை ஆஸ்பத்திரியில் விலைப்பட்டியல் போட்டுத் தொங்கவிடும் காலம் வரவில்லை. அமெரிக்காவில் செல்ல நாயை நகல் எடுத்துத் தரும் கம்பெனிகள் 50,000 டாலர் அளவில் வாங்குகின்றன. நம் பணத்தில் நாற்பது லட்சத்துக்கு மேல். அந்தத் தொகைக்குச் சித்தூர் தாலுக்காவில் ஒரு பண்ணையே வைக்கலாமே!

அப்படியே செலவழித்தாலும் கிடைப்பது உங்கள் மாடுதானா? டெக்சாஸில் 2001 டிசம்பரில் ஒரு பூனையை நகல் எடுத்தார்கள். செல் கொடுத்த பூனை மூன்று நிறம் கலந்தது. நகலுக்கு வேறு நிறம், வேறு திட்டுகள். மரபணு ஒன்றாக இருந்தாலும் எந்த செல்லில் எது விழித்துக்கொள்கிறது, எது தூங்குகிறது என்பது கருவிலேயே மாறிப்போகும். ஒரே கைப்பக்குவக் குறிப்பை இரண்டு வீட்டில் வைத்துச் சமைத்தால் இரண்டு ருசி வருகிறதில்லையா, அதுபோல. உங்கள் பசு அவ்வளவு கறந்ததற்கு மரபணு ஒரு காரணம். நீங்கள் அறுத்துப்போட்ட பச்சைப்புல், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அனலாக வீசும் மார்ச் மாதத்தில் வேளைக்கு வைத்த தண்ணீர், நோய் கண்ட அன்றே டாக்டரைக் கூப்பிட்ட கவனம் இவையும் காரணம். கன்றுகள் தாயைப் போல வரவில்லை என்கிறீர்களே, அவற்றுக்கு எந்தக் காளையின் சினை ஊசி போட்டார்கள் என்று குறித்து வைத்திருக்கிறீர்களா?

இந்தக் கேள்வியைச் சும்மா கேட்கவில்லை. நகல் எடுக்கும் ஆசை நம் கேரள எல்லைப் பகுதிக்கு வந்தது 2023ல் அல்ல, 1963ல். அந்த வருஷம் மூணாறுக்குப் பக்கத்தில் மாட்டுப்பட்டியில் சுவிட்சர்லாந்தின் உதவியோடு இந்தோ-சுவிஸ் திட்டம் ஆரம்பித்தது. பிரவுன் சுவிஸ் காளைகளை நம் ஊர் மாடுகளோடு கலந்து சுநந்தினி என்ற இனத்தை உண்டாக்கினார்கள். காளையின் விந்தைச் சின்ன ஸ்ட்ராக்களில் அடைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். பாலக்காட்டுக்குப் பக்கத்துத் தோணியிலும் கேரளக் கால்நடை வளர்ச்சி வாரியத்துக்கு இப்படி ஒரு பண்ணை இருக்கிறது. நம்மில் பலர் வீட்டுத் தொழுவத்தில் நிற்கும் மாட்டின் தகப்பன் தோணியிலோ மாட்டுப்பட்டியிலோ இருந்திருக்கும்.

இது குளோனிங் இல்லை. தாயும் தகப்பனும் கலந்துதான் கன்று பிறக்கிறது. ஆனால் ஒரு காளை ஆயிரக்கணக்கான கன்றுகளுக்குத் தகப்பனாவதும், எந்தக் காளை என்பதை யாரோ தூரத்தில் உட்கார்ந்து முடிவு செய்வதும் அப்போதே பழகிவிட்டது. இதனால் நன்மை இல்லையா? நிச்சயம் உண்டு. பால் சொசைட்டியில் வரிசையில் நிற்கிற பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு லிட்டர் கறந்த இடத்தில் எட்டும் பத்தும் கறந்ததால்தான் எத்தனையோ குடும்பம் தலை நிமிர்ந்தது. இதைக் குறைத்துப் பேசுகிறவர்கள், அந்தப் பால்பணத்தை நம்பிப் பிழைக்காதவர்கள்.

கொடுத்த விலையையும் பேச வேண்டுமே. 1961ல் கேரளத்தில் வந்த கால்நடை மேம்பாட்டுச் சட்டம், உரிமம் இல்லாத நாட்டுக் காளைகளைக் காயடிக்க வழி செய்தது. நல்ல எண்ணத்தில் வந்த சட்டம்தான். ஆனால் காளை போனால் இனம் எப்படி நிற்கும்? கோட்டயம் பக்கத்து வெச்சூர் மாடு, மூன்றடிக்கும் குறைவான உயரம், கொஞ்சம் தீனி, நோயை எளிதில் அண்டவிடாத உடம்பு, இல்லாமலே போய்விட்டது என்று எண்ணும் நிலைக்கு வந்தது. 1989ல் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிப் பேராசிரியை சோசம்மா ஐப், தன் மாணவர்களோடு வீடு வீடாகத் தேடி, மிச்சமிருந்த சில மாடுகளைச் சேர்த்து அந்த இனத்தை மீட்டார். 2022ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்கு முன் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

1990களின் கடைசியில் இதே வெச்சூர் மாட்டின் மரபணுவுக்கு, டாலியை உண்டாக்கிய ரோஸ்லின் நிலையம் காப்புரிமை வாங்கப் பார்க்கிறது என்று ஒரு குற்றச்சாட்டு கிளம்பி, கேரளமே கொதித்தது. பிறகு அதற்கு அடிப்படை இல்லை என்று தெரிந்தது. குற்றச்சாட்டு பொய்யாகிப் போனாலும் அன்று மக்களுக்கு வந்த கோபம் எனக்குப் புரிகிறது. சில வருஷம் முன்புவரை கழிக்கப்பட்ட குட்டை மாட்டை, யாரோ கேட்கிறார்கள் என்றதும்தானே நாம் திரும்பிப் பார்த்தோம்?

இனி ஏலமலைக்கு வாருங்கள். குளோனிங்கின் நல்லது கெட்டது இரண்டையும் நம் கண்முன்னே காட்டுவது அந்த மலைதான்.

கட்டப்பனைப் பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் கண்டெடுத்த ஞள்ளானி ஏலம் இன்று இடுக்கியின் பெரும்பகுதியில் இருக்கிறது. கம்பம், போடியிலிருந்து ஜீப் ஏறிக் காய் எடுக்கப் போகும் நம் பெண்களுக்கு அந்தப் பேர் நன்றாகத் தெரியும். கொத்துக் கொத்தாய்க் காய்ப்பு, பருமனான பச்சைக் காய். ஒருவர் தோட்டத்துத் தூரைப் பிரித்து அடுத்தவர் நட, அவரிடமிருந்து இன்னொருவர் நட, மலை முழுக்க ஒரே செடியின் நகல்களாக நிறைந்தது. ஒரு சாதாரண விவசாயி கண்டுபிடித்ததை ஆயிரக்கணக்கான குடும்பம் அனுபவிக்க முடிந்ததற்குக் காரணம் இந்த நகல் முறைதான். விதை போட்டு வளர்த்திருந்தால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி வந்திருக்கும்.

ஆனால் ஞள்ளானி எப்படிக் கிடைத்தது என்று யோசித்தீர்களா? செபாஸ்டியன் ஜோசப் நல்ல செடிகளுக்கு நடுவே தேனீப் பெட்டி வைத்தார். தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்தன. அந்தக் காயின் விதையிலிருந்து நாற்றுகளை வளர்த்து, பார்த்துப் பார்த்துக் கழித்து, கடைசியில் தேறியதைத்தான் தூர் பிரித்துப் பெருக்கினார். கலப்பில் பிறந்த செடி அது. நகல் எடுப்பது இருப்பதைக் காப்பாற்றும், பெருக்கும். புதிதாக ஒன்றைத் தராது. மலை முழுக்க நகலே நின்றால் அடுத்த ஞள்ளானி எங்கிருந்து வரும்? பழைய மலபார் ரகம், மைசூர் ரகம் எல்லாம் இப்போது எத்தனை தோட்டத்தில் இருக்கிறது?

ஒரே செடி எங்கும் இருந்தால் ஒரே நோய் எங்கும் ஓடும். மழைக்காலத்தில் அழுகல் வந்தால் ஒரு தோட்டத்தோடு நிற்கிறதா? 2018 வெள்ளத்துக்குப் பிறகு பார்த்தோம். 2024 கோடையில் காய்ந்ததும் மலைச்சரிவு முழுக்கச் சேர்ந்து காய்ந்தது. மழையும் வெயிலும் குளோனால் வந்ததில்லை, உண்மைதான். ஆனால் பத்து ரகம் இருந்தால் இரண்டாவது தாங்கி நின்றிருக்கும் அல்லவா? தேயிலையிலும் இதே கதைதான். விதையில் வளர்ந்த பழைய செடிக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கும். துண்டு நட்டு வளர்த்த குளோன் செடிக்கு ஆணிவேர் கிடையாது. கொழுந்து சீராக வரும், வறட்சியில் முதலில் வாடும். மருந்துச் செலவையும் நட்டத்தையும் சுமப்பவர் ரகத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர் இல்லை, நட்டவர். அந்த மருந்தை மூச்சில் வாங்குகிறவர்கள் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள்.

இதைப் படித்துவிட்டு, ஆசிரியர் குளோனிங்கே வேண்டாம் என்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். வட்டவடைக்கு அந்தப்பக்கம் பழனி மலையில் விருப்பாச்சி வாழைக்கு என்ன ஆயிற்று என்று பெரியவர்களுக்குத் தெரியும். முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்தது. பக்கக்கன்றை எடுத்து நடும்போது அதோடு வைரஸும் கூடவே போனது. அதை மீட்டது எது? தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் நோயில்லாத குருத்துத் திசுவிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்துக் கொடுத்த கன்றுகள். அதுவும் குளோனிங்தான். நகலால் பரவிய நோயிலிருந்து நகல்தான் காப்பாற்றியது. யார் கையில், எதற்காக, எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம்.

காட்டு விலங்குகளைக் குளோனிங்கில் காப்பாற்றலாமே என்று இளைய வாசகர்கள் சிலர் கேட்கிறார்கள். இரவிகுளத்து வரையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேண்டியது புல்வெளியும் பாறையும் தொந்தரவில்லாத மலையும். அவை இருந்தால் அது தானே குட்டி போட்டுக்கொள்ளும். அவை இல்லாமல் ஆய்வகத்தில் எடுத்த குட்டியை எங்கே கொண்டு விடுவது?

இப்போது மனிதரைப் பற்றி. இதில் நான் மழுப்பப் போவதில்லை. மனிதரை நகல் எடுத்துப் பிறக்க வைப்பது கூடாது. அதற்கு மதத்தையோ சாமியையோ காரணம் காட்டவும் தேவையில்லை. டாலியின் கணக்கை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஆட்டின் இடத்தில் பெண்களை வைத்துப் பார்க்க முடியுமா? கொரியாவில் 2005ல் உலகின் முதல் குளோன் நாயைப் பிறக்க வைத்தபோது, 123 நாய்களின் வயிற்றில் கருக்களை வைத்தார்கள். பிழைத்தது ஒன்றே ஒன்று.

அந்த நாயை உண்டாக்கிய குழுவின் தலைவர் ஹ்வாங் வூ-சுக்தான் மனிதக் கருவைக் குளோன் செய்து மருத்துவத்துக்கு வேண்டிய ஸ்டெம் செல் எடுத்துவிட்டேன் என்று 2004லும் 2005லும் அறிவித்தார். கொரியாவே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. பிறகு அத்தனையும் பொய் என்று தெரிந்து, 2006 ஜனவரியில் அந்தக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. விஞ்ஞானத்தில் பொய் சொன்னது ஒரு குற்றம். என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. அந்தப் பொய்க்காகப் பெண்களிடமிருந்து 2,000க்கும் மேற்பட்ட கருமுட்டைகள் எடுக்கப்பட்டிருந்தன. சிலர் பணம் வாங்கிக் கொடுத்தவர்கள். சிலர் அவருடைய ஆய்வகத்திலேயே அவருக்குக் கீழே வேலை பார்த்த இளம்பெண்கள். மேலதிகாரி கேட்கும்போது முடியாது என்று சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

கருமுட்டை எடுப்பது ரத்தம் கொடுப்பது மாதிரி இல்லை. நாள்கணக்காக ஹார்மோன் ஊசி, பிறகு மயக்கம் கொடுத்து ஊசியால் எடுப்பது, சிலருக்கு வயிறு வீங்கி உயிருக்கே ஆபத்து. எங்கோ கொரியாவில் நடந்தது என்று விட்டுவிடவும் முடியாது. 2022ல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியின் கருமுட்டையை, வயதைக் கூட்டிக் காட்டி, பலமுறை விற்ற செய்தி வெளியானபோது நாம் எல்லோரும் பதறினோமே? விசாரணை கேரளத்து ஆஸ்பத்திரி வரை வந்தது. குளோனிங்கே இல்லாமல், குழந்தை இல்லாதவர்களுக்கான சிகிச்சையை வைத்தே இந்த வியாபாரம். நாளைக்கு மனிதக் குளோனிங்குக்கு ஆயிரக்கணக்கில் முட்டை வேண்டும் என்றால், யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? கடன்பட்ட வீட்டையும், எஸ்டேட் லைனையும், கையெழுத்துப் போடத் தயங்கும் பெண்ணையும்தான்.

நம் நாட்டில் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் வழிகாட்டு நெறிகள், மனிதரைக் குளோனிங்கில் பிறக்க வைப்பதைத் தடை செய்கின்றன. ஐ.நா. சபையில் 2005 மார்ச்சில் எல்லா வகை மனிதக் குளோனிங்கையும் தடுக்கச் சொல்லும் தீர்மானம் வந்தபோது 84 நாடுகள் ஆதரித்தன, 34 நாடுகள் எதிர்த்தன. எதிர்த்தவற்றில் இந்தியாவும் ஒன்று. குழந்தையாகப் பிறக்க வைப்பது வேண்டாம், ஆனால் நோய் தீர்க்கும் ஆராய்ச்சிக்குக் கதவை அடைக்கக் கூடாது என்பது நம் நிலை. அது நியாயமான நிலைதான் என்று நான் கருதுகிறேன். சர்க்கரை நோயில் கால் இழந்தவர்களையும், தண்டுவடம் அடிபட்டுப் படுக்கையில் கிடக்கிற பிள்ளைகளையும் வீட்டில் வைத்திருப்பவர்களிடம் போய் ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. ஜப்பானில் ஷின்யா யமனகா 2006ல் எலியின் சாதாரணத் தோல் செல்லையே, நான்கு மரபணுக்களைச் சேர்த்து, ஸ்டெம் செல் மாதிரி மாற்றிக் காட்டினார். அடுத்த வருஷம் மனிதத் தோல் செல்லிலும் முடிந்தது. 2012ல் நோபல் பரிசு. அந்த முறைக்குக் கருமுட்டையும் வேண்டாம், கருவும் வேண்டாம். கேள்வி கேட்டால் விஞ்ஞானம் நின்றுபோகும் என்று சொல்கிறவர்களுக்கு யமனகாவைத்தான் நான் காட்டுவேன். பெண்ணின் உடம்பைத் தொடாமல் முடியுமா என்ற கேள்விக்கு அவர் வேலை ஒரு பதில்.

ஆகவே அம்மா, பாவமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இது. நல்ல மாட்டைப் போல இன்னொன்று வேண்டும் என்று ஆசைப்படுவதில் பாவம் எதுவுமில்லை. ஆனால் உங்கள் மாட்டின் நகல் ஒன்று நிற்பதற்கு, பெயர் தெரியாத எத்தனை பசுக்களுக்குக் கரு தங்காமல் கலையும், அளவுக்கு மீறிப் பெருத்த கன்றை ஈன முடியாமல் எத்தனை தவிக்கும் என்ற கணக்கு இன்னும் குறையவில்லை. அது குறையும்வரை ஒரு தனி வீட்டின் ஆசைக்காக அதைச் செய்யக் கூடாது என்பது என் எண்ணம். நாடு முழுவதற்கும் பயன்படும் ஆராய்ச்சியைக் கர்னால் போன்ற இடத்தில், கணக்கை மறைக்காமல், பொதுப்பணத்தில் செய்யட்டும்.

உங்கள் வீட்டில் இன்றைக்கே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். அடுத்த சினை ஊசி போடும்போது காளையின் எண்ணைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதியும் கறவையும் எழுதுங்கள். அதே காளையின் ஊசியை அதன் மகளுக்குப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உறவுக்குள் சேர்க்கை ஏற ஏறப் பாலும் குறையும், சினையும் நிற்காது. கன்றுகள் தாயைப் போல வராததற்குப் பல வீடுகளில் காரணம் இதுவாகவே இருக்கலாம். பெண் கன்று பிறக்க வாய்ப்பு அதிகமுள்ள, பிரித்தெடுத்த விந்து ஊசி இப்போது வந்திருக்கிறது. பத்துக்கு ஒன்பது பெண் கன்று. விலை கொஞ்சம் கூடுதல். ஆனால் காளைக்கன்று பிறந்தால் அது எந்தச் சந்தைக்குப் போகிறது, அங்கிருந்து எங்கே போகிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அந்த வேதனையைக் கொஞ்சமாவது குறைக்கிற வழி இது.

ஏலத்தோட்டக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் ஒரு மூலையை, நாலு வரிசை போதும், பழைய ரகங்களுக்கும் விதை நாற்றுக்கும் விடுங்கள். தேனீப் பெட்டியும் வையுங்கள். அட்டப்பாடியில் கருப்பாடு வளர்க்கும் இருளர், முதுகர் குடும்பங்களும், வட்டவடை, கோவிலூர் பக்கம் இன்னும் குட்டை மாடு கட்டியிருப்பவர்களும் ஏழ்மையால் பழசை விடாதவர்கள் என்று பேசுவதை நிறுத்துவோம். ஒரு நாள் ஆய்வகம் தேடிவரப் போவது அவர்கள் தொழுவத்தைத்தான். அந்த மாட்டுக்கும் ஆட்டுக்கும் தீவன உதவியும் காப்பீடும் கலப்பினப் பசுவுக்குச் சமமாகக் கிடைக்க வேண்டும் என்று அடுத்த கிராமசபையில் எழுந்து கேளுங்கள். தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் குடும்பஸ்ரீ கூட்டத்தில் பேசி, நாலு பேராகச் சேர்ந்து போங்கள்.

இன்னொன்று. நாட்டு இனக் காளையின் சினை ஊசி உங்கள் ஊர்க் கால்நடை ஆஸ்பத்திரியில் கிடைக்கிறதா என்று இந்த மாதம் விசாரியுங்கள். என்ன பதில் வந்தது என்பதை ஊர்ப் பெயரோடு எங்களுக்கு எழுதுங்கள். வேலந்தாவளத்திலிருந்து பூப்பாறை வரை எங்கே கிடைக்கிறது, எங்கே இல்லை என்று அடுத்த இதழில் பட்டியலாகப் போடுகிறோம். கால்நடைத் துறைக்கும் ஒரு பிரதி அனுப்பிவைப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்